கொன்றை என்று பெயர் சொல்லி வரும் மரங்கள்

சாந்தன்பாறைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அண்மையில் பெங்களூர் சென்று திரும்புகையில், அந்நகரச் சாலையோரத்து மரமொன்றின் பூங்கொத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து எமக்கு அனுப்பியிருந்தார். உடன் ஒரு கடிதமும் இருந்தது. அக்டோபர் மாதத்தில் தெருவின் இரு மருங்கிலும் அம்மரம் பொன் பூத்து நின்றதாகவும், அங்குள்ளோர் அதனைக் "கொன்றையில் ஒரு வகை" என்று கூறியதாகவும், நாற்றங்கால் ஒன்றில் ஐம்பது கன்றுகள் கிடைக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தார். பள்ளி வளாகத்திலும் பூப்பாறை செல்லும் சாலையோரத்திலும் அவற்றை நடலாமா என்பது அவருடைய வினா. "பெயர் மட்டும் தெரிந்தால் போதும், பலகை எழுதிவிடுவோம்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்னும் அவ்வாக்கியம் மிகச் சரியானது. ஆயினும், பலகை எழுதுவதற்காக அன்று, நடலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்காகவே பெயர் தெரிய வேண்டும். நம்மிற் பலர் இவ்வரிசையை மாற்றிவிடுகிறோம். கன்றை முதலில் நடுகிறோம். அது பூத்தபின் பெயர் கேட்கிறோம். இவ்வழக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் பெருந்தீங்கு விளைப்பது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது பழுப்பேறிய பூவிதழ்களே பெரும்பாலும் கிடைத்தன. கொன்றை இனத்துப் பூக்கள் உலர்ந்தால் நிறம் கெடும். காம்புடன் கூடிய முழு இலை இல்லை. சிற்றிலைகள் நான்கைந்து உதிர்ந்து கிடந்தன. நெற்று இல்லை. மஞ்சட்பூ என்பதற்கு மேல் எதனையும் உறுதியாகக் கூற இயலாத நிலை. இதற்காக ஆசிரியரைக் குறை கூறுவதற்கில்லை. பூ அழகாக இருந்தது, பூவைப் பறித்தார். மாந்தர் இயல்பு அது. 2022 அக்டோபரில் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது மலையேறி வந்த திரளை அவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். அங்குப் பூத்தவற்றுள் குறிஞ்சியின் இனங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு என்பதை நின்று நோக்கியவர் எத்துணைப் பேர்? பூவானது கண்ணை இழுத்துக்கொண்டு இலையை மறைத்துவிடுகிறது.

காட்டு மரத்தினும் நகரத்து மரத்தை இனங்காண்பது கடினம் என்று கூறினால் சிலர் வியப்புறலாம். சோலையில் ஒரு மரத்தைக் கண்டால் அதன் உயரம், மழையளவு, அண்டை மரங்கள் ஆகிய யாவும் நமக்குச் சாட்சி சொல்லும். இன்ன உயரத்தில் இன்ன இனங்களே வளரும் என்னும் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் தேடினால் போதும். நகரத்துச் சாலை மரத்துக்கு நாடும் இல்லை, சுற்றமும் இல்லை. அது பிரேசிலிலிருந்து வந்திருக்கலாம், மடகாஸ்கரிலிருந்தும் வந்திருக்கலாம். மேலும், ஒரு நிலப்பகுதியின் தாவரங்களை விவரிக்கும் நூல்கள் பெரும்பாலும் அங்குத் தானே வளர்வனவற்றையே கூறும். நட்டு வளர்த்தவற்றைச் சுருங்கக் கூறும், அல்லது விட்டுவிடும். காம்பிள் தொடங்கிப் பிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. இன்றளவும் நமக்குக் கைவிளக்கு அதுவே. எனினும், அதன் பின்னர் நம் தெருக்களில் வந்திறங்கிய மரங்களுக்கு அதில் விடை தேட முடியாது.

பெங்களூரின் நிலை இன்னும் சிறப்பானது. 1908-இல் அந்நகருக்கு வந்து லால்பாக் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு சாலை பூத்துக்கொண்டேயிருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். ஒன்று உதிரும்போது மற்றொன்று மலரும். கண்ணுக்கு இனிய திட்டந்தான். அதற்கு வேண்டிய மரங்களுட் பல கடல் கடந்து வந்தவை. அவற்றுட் பெரும்பான்மை எவ்விதத் தீங்கும் செய்யாமல் தெருவோரத்தில் நின்று நிழல் தருகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அயல்நாட்டு மரம் யாவும் பகை என்று முழங்குவது அறிவியல் அன்று. ஏலமலையிலேயே மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரமே. எது அடங்கி நிற்கும், எது அடங்காது என்பதையே அறிந்துகொள்ள வேண்டும். இனத்தின் பெயர் தெரியாமல் அதனை அறிய வழியில்லை.

இனிக் கொன்றைக்கு வருவோம். தமிழில் இப்பெயர் ஒரு பெருங்குடும்பத்தைச் சுமக்கிறது. சரக்கொன்றை நம் நாட்டு மரம். சிவபெருமானுக்கு உரிய மலர். மலையாள மக்கள் விஷுக் கணியில் வைக்கும் கணிக்கொன்னை. கேரள மாநிலத்தின் மலர். செங்கொன்றையும் தென்னாட்டுக்கு உரியதே. சாலைகளில் மிகுதியாகக் காணும் மஞ்சட்கொன்றை தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. மயிற்கொன்றை அமெரிக்க வெப்ப நாட்டுச் செடி. துருப்பிடித்த நிறமுள்ள மொட்டுகளும் செம்பு நிறத் தட்டைக் காய்களும் கொண்ட பெருங்கொன்றை வேறொரு பேரினம். இத்தனையையும் ஒரு சொல்லால் அழைத்துப் பழகிய காதுக்கு, "இதுவும் ஒரு கொன்றை" என்று ஒரு புதிய மரத்தைச் சொன்னால் ஐயம் எழுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை என்றே கொள்கிறோம்.

அவ்வாறு நம்பப்பட்டு வந்த மரமே சென்னா ஸ்பெக்டாபிலிஸ். ஸ்பெக்டாபிலிஸ் என்னும் லத்தீன் சொல்லுக்குக் காண்பதற்கினியது என்று பொருள். 1813-இல் தெ கந்தோல் இதனைக் காசியா பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். 1982-இல் இர்வின், பார்னபி ஆகிய இருவர் அப்பேரினத்தைப் பிரித்தபோது சென்னா ஆயிற்று. ஆகவே பழைய நூல்களில் காசியா ஸ்பெக்டாபிலிஸ் என்றே காணலாம், இரண்டும் ஒன்றே. பிறப்பிடம் வெப்ப அமெரிக்கா. கேரளத்தில் வயநாட்டுப் பகுதியில் 1980-களில் சமூகக் காடு வளர்ப்பின் காலத்தில் நிழலுக்கும் அழகுக்குமாக நடப்பட்டது. அங்கே இதற்கு மஞ்சக்கொன்னை என்று பெயர். பின்னர் அதன் குணம் தெரிந்தவர்கள் ராட்சசக்கொன்னை என்றனர். முன்னைய பெயருக்கும் பின்னைய பெயருக்கும் இடையில் ஒரு காடு மாறிப்போயிற்று.

வயநாடு வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் இம்மரம் பரவியிருப்பதாக அண்மைக் கணக்கெடுப்பு கூறுகிறது. சரணாலயத்தின் எல்லை அங்கே முடிகிறதேயன்றிக் காடு முடிவதில்லை. பந்திப்பூர், நாகரஹொளெ, முதுமலை ஆகிய காடுகள் தொடர்ந்து கிடக்கின்றன. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இன்று இம்மரம் உண்டு. அடர்ந்த நிழலால் இது தன் கீழே புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் எழவிடுவதில்லை. யானையும் மானும் இதன் தழையை நாடுவதில்லை. புல் குறைந்தால் மேயும் விலங்குகள் வேறிடம் தேடும். அவ்வேறிடம் பெரும்பாலும் உழவரின் வயலாகவே அமைகிறது. ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் புடோங்கோ காட்டிலும் தான்சானியாவின் மஹாலே மலையிலும் இதே மரம் இதே போன்று பரவியது.

வெட்டினால் தீராதா என்று கேட்கலாம். வெட்டினால் பெருகும் என்பதே துன்பம். வெட்டிய கட்டையினின்று ஒன்றுக்குப் பலவாகத் தளிர்கள் கிளம்பி, ஒரு மரம் நின்ற இடத்தில் புதர் நிற்கும். ஆகவே இளங்கன்றுகளை வேரோடு பிடுங்கவும், பெரிய மரங்களை நின்றபடியே பட்டை உரித்துக் காயவிடவும் வனத்துறையினர் முயல்கின்றனர். தமிழ்நாட்டில் ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றிய அரசுக் கொள்கை 2022-இல் வெளியாயிற்று. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் வாயிலாக இம்மரத்தை அகற்றிக் காகிதக் கூழாக்கும் பணியும் நடைபெற்று வருகிறது. சாலைக்கு அழகூட்ட வைத்த கன்றுக்காக நாற்பது ஆண்டுகள் கழித்து அரசாங்கங்கள் செலவிடும் பொருளை எண்ணிப்பார்த்தால், கன்று வைக்குமுன் ஒரு நாள் செலவிட்டு அதன் பெயரைத் துணிவது மிகை என்று எவரும் சொல்லார்.

சாந்தன்பாறைக்கு அணித்தே மதிகெட்டான் சோலை இருக்கிறது. உள்ளே புகுந்தவர் வழி தவறி மதி மயங்குவர் என்பதால் வந்த பெயர் என்பர். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு பதின்மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வயநாட்டில் போனது போல் நூறு சதுர கிலோமீட்டர் போவதற்கு அங்கே நிலமே இல்லை. அதன் அருகே செல்லும் சாலையின் ஓரத்தில் ஐம்பது கன்றுகள் என்பது சிறிய எண் அன்று.

ஆயின், ஆசிரியர் பெங்களூரில் கண்டது அந்த மரந்தானா? அக்டோபரில் பூத்தது என்னும் ஒன்றைக் கொண்டு துணிதல் கூடாது. சரக்கொன்றை கோடையிலும், சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் மிகுதியாகப் பூப்பது உண்மையே. எனினும் காலத்தைக் கொண்டு மட்டும் மரத்தை அறியலாகாது. காலமல்லாத மழையைக் கார்காலம் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகக் குறுந்தொகையில் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். தோழி கூறியது ஆறுதலுக்காகவே. ஆனால் கொன்றை காலம் தவறும் என்பது அன்றே மக்கள் அறிந்த செய்தி. இப்போதும் விஷுவுக்கு முன்பே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்று கேரளத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

இலையை நோக்குவோம். இங்கேதான் மாணவர் மட்டுமின்றிப் பெரியோரும் தவறுகின்றனர். கொன்றை வகைகளின் இலை கூட்டிலை. நாம் இலை என்று கிள்ளுவது அதன் சிற்றிலை. எது முழு இலை என்று அறிவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இராது. மொட்டைக் கண்டுபிடித்து, அதற்கு மேலுள்ளது முழுவதையும் ஓரிலை என்று கொள்ளவேண்டும். வகுப்பில் ஒரு முருங்கைக் கிளையைக் கொடுத்து, "இதில் எத்தனை இலை?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மணிநேரம் வீண்போகாது.

சரக்கொன்றையின் கூட்டிலையில் சிற்றிலைகள் நான்கு முதல் எட்டு இணை வரை இருக்கும். ஒவ்வொன்றும் அகன்று முட்டை வடிவாய், உள்ளங்கையளவு நீண்டிருக்கும். சென்னா ஸ்பெக்டாபிலிஸின் சிற்றிலைகள் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து இணை. ஒடுங்கி, நுனி கூர்ந்து, அடிப்பக்கம் மென்மயிர் படர்ந்தவை. மஞ்சட்கொன்றையின் சிற்றிலைகள் நுனி மழுங்கி, அந்நுனியில் சிறு பள்ளம் உடையவை. பெருங்கொன்றையின் இலையோ இருமுறை பிரிந்து, நுண்ணிய சிற்றிலைகளாய்ச் சிறகு போலத் தோன்றும். இவற்றுள் ஒன்றுக்கும் இணங்காமல், விரல் விரித்த கைபோல் ஐந்தாறு சிற்றிலைகள் ஒரு புள்ளியினின்று கிளம்புமாயின், அது கொன்றையே அன்று. நகரங்களில் பூ மட்டும் போர்த்து நிற்கும் டபேபுயாவாக இருக்கக்கூடும். அதன் பூவிதழ்கள் தனித்தனி இல்லாமல் ஒன்றிணைந்து ஊதுகுழல் வடிவில் இருக்கும். இலைகளும் கிளையில் எதிரெதிராக நிற்கும்.

பூங்கொத்து நிற்கும் வகையும் சான்றாகும். சரக்கொன்றையின் பூச்சரம் தொங்கும். சரம் என்னும் பெயரே அதனால் வந்தது. சென்னா ஸ்பெக்டாபிலிஸில் கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். தூரத்திலிருந்தே காணக்கூடிய வேறுபாடு இது. பேருந்திலிருந்தும் காணலாம். பூவைக் கையிலெடுத்தால், சரக்கொன்றையின் கேசரங்களில் மூன்று மட்டும் மிக நீண்டு வளைந்து கொக்கி போல் வெளியே நிற்கக் காணலாம். மற்றதில் அவ்வாறு இல்லை.

நெற்றுக் கிடைத்தால் வழக்கு முடிந்தது எனலாம். சரக்கொன்றை நெற்று கருத்து உருண்டு, ஒரு முழம் வரையிலும் சில வேளை அதற்கு மேலும் நீண்டு, தானே வெடிக்காமல் தொங்கும். உள்ளே தடுப்புகளுக்கிடையில் கரிய பிசினும் விதையும் இருக்கும். நாட்டு மருத்துவர் நன்கறிந்த பொருள். சென்னா ஸ்பெக்டாபிலிஸின் நெற்றும் உருண்டதே. ஆனால் குட்டையானது, வளையம் வளையமாய்க் கோடுகள் தெரிவது, முற்றியபின் ஒரு பக்கமாய்ப் பிளந்து விதை உதிர்ப்பது. மஞ்சட்கொன்றை நெற்று தட்டை. இதனாலேயே மாதிரி சேகரிப்போர் பூத்த காலத்தில் ஒரு முறையும் காய்த்த காலத்தில் ஒரு முறையும் ஒரே மரத்துக்குச் செல்லவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

மாதிரி என்பது செய்தித்தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அளவுள்ள, பூவும் குறைந்தது இரண்டு முழு இலைகளும் சிதையாத கிளை. தாள்களுக்கிடையில் வைத்துப் பலகையால் அழுத்தி நாள்தோறும் தாளை மாற்றிவர வேண்டும். ஏலமலையின் மழை மாதங்களில் தாள் மாற்றினாலும் பூஞ்சணம் பிடிக்கும். அவ்வேளையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் நமக்குப் பேருதவியாகும். ஏலத்துக்கு இடும் மிதமான சூடு தாவர மாதிரிக்கும் ஏற்றது. தோட்டத்தாரிடம் கேட்டால் ஒரு மூலையில் இடம் தர மறுக்கமாட்டார்கள். உடன் வைக்கும் சீட்டில் ஊர், தெரு, நாள், உயரம், பட்டையின் தன்மை, பூவின் நிறம் ஆகியவற்றை அன்றே குறிக்கவேண்டும். நிறம் மறுவாரம் இராது. நட்டதா, தானே முளைத்ததா என்பதையும், மரத்தடியில் நாற்றுகள் முளைத்துள்ளனவா என்பதையும் தவறாமல் எழுதுங்கள். சுவரோரத்திலும் சாக்கடையோரத்திலும் நட்டோரின்றி நாற்றுகள் எழும் அயல் மரம் எதுவாயினும், அதனைக் காட்டோரத்துக்குக் கொண்டுவரத் தயங்கவேண்டும். இவ்வொரு குறிப்பு, பெயர் தெரியுமுன்னரே நம்மை எச்சரிக்கவல்லது.

இப்போது கைப்பேசிச் செயலிகள் படத்தைக் கண்டு பெயர் கூறுகின்றன. அவற்றை யாம் பழிக்கவில்லை. வாசலைக் காட்டும் வழிகாட்டியாகக் கொள்ளலாம். பூவை மட்டும் படம்பிடித்துக் கொடுத்தால், பூவை மட்டும் அனுப்பிய பொட்டலத்தைப் பெற்ற எமது நிலைதான் அதற்கும். இலை, கொத்து நிற்கும் வகை, நெற்று, முழு மரம் என நான்கு படங்களாவது கொடுங்கள். அதன்பின் அது தரும் பெயரை, உலர்ந்த மாதிரியோடு கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ரப்பினட் உலர்தாவரக் காப்பகத்துக்கோ அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம்.

கள ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள். மரநடு விழா நெருங்கும்போது எத்தனை ஆயிரம் கன்றுகள் என்னும் எண்ணே மேலிடத்துக்கு எழுதப்படுகிறது. எந்த இனம், எங்கிருந்து பெற்ற விதை என்னும் இரு செய்திகளுக்குப் படிவத்தில் இடம் இருப்பதில்லை. நாற்றங்கால் பையில் "மஞ்சள் பூ", "கொன்றை வகை" என்று எழுதியிருந்தால் அக்கன்றுகளைப் பெற்றுக்கொள்ளாதிருக்கும் உரிமை உங்களுக்கு வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடங்களில் அதனைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். கன்று வளர்ப்போர் இதனைத் தொல்லை என்று கருதுவர். கருதட்டும்.

ஆசிரியருக்கு எழுதிய விடையில் மீண்டும் ஒரு கிளை கேட்டோம். பெங்களூரில் உள்ள அவருடைய உறவினர் முழு இலைகளோடு ஒன்றை அனுப்பினார். பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள், கூரிய நுனி, அடியில் மென்மயிர்; பிப்ரவரியில் வளையக் கோடுகள் கொண்ட நெற்றும் வந்தது. கன்றுகளை வாங்க வேண்டாம் என்று எழுதிவிட்டோம். பெங்களூர்த் தெருவில் அது நிற்பது பற்றி இங்கு யாம் ஒன்றும் கூறவில்லை. சாந்தன்பாறைக்கு அது வேண்டாம்.

அப்படியாயின் சரக்கொன்றையை நடலாமே என்று அவர் கேட்டார். போடி அடிவாரத்து வறண்ட சரிவுகளில் அது மகிழ்ந்து வளரும். மழையும் மூடுபனியும் மிக்க மேல்மலையில் அத்துணைச் செழிக்காது. செண்பகத்தைப் பரிந்துரைத்தோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய மரம், மணமும் உண்டு, பழத்துக்குப் பறவைகளும் வரும். விதையின் மேலுள்ள செந்நிறச் சதையைக் கழுவி நீக்கிய உடனே விதைத்துவிட வேண்டும். உலரவிட்டு வைத்திருந்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் திறன் குன்றிவிடும்.